பூட்டியவர் யார்?

வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கினால் உள்ளே எவரும் இல்லை என்று பொருள். கணினிக் கோப்பு பூட்டப்பட்டிருந்தால் உள்ளே ஒருவர் இருக்கிறார் என்று பொருள். சில வேளைகளில் அவர் எழுந்து போன பின்பும் பூட்டு மட்டும் எஞ்சிவிடுவதுண்டு. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாததால் நான் செய்த ஒரு தவறே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

எமது கணினி ஆய்வுகூடத்துக் கணினிகள் யாவும் ஒரு சேவையகத்துடன் வலையமைப்பாக இணைக்கப்பட்டுள்ளன. சஞ்சிகைக்கு வந்த ஆக்கங்களை அதிலுள்ள பொதுக் கோப்புறையில் வைத்து, லிப்ரே ஒபிஸ் மென்பொருளில் தட்டெழுதினோம். ஒருநாள் பிற்பகல் மின்சாரம் தடைப்பட்டது. மின்சாரம் வந்ததும் கவிதைகள் இருந்த கோப்பைத் திறந்தேன். 'இனந்தெரியாத பயனர் ஒருவரால் பூட்டப்பட்டுள்ளது' என்று அறிவித்தல் வந்தது. மின்தடையால் எஞ்சிய பழைய பூட்டு என்று நானே முடிவு செய்து, 'பிரதியைத் திற' என்பதை அழுத்தினேன். ஒரு மணி நேரம் எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். பின்பு அப்பிரதியைப் பழைய பெயரிலேயே சேமித்தேன்.

உண்மையில் அறையின் மறுகோடியில் எட்டாம் தரத் தங்கை ஒருத்தி அதே கோப்பைத் திறந்து தன் கவிதைக்கு இறுதி நான்கு வரிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். அவள் சேமித்துவிட்டு எழுந்து சென்றதன் பின்னரே நான் சேமித்தேன். என் பிரதி அவளுடைய வரிகளுக்கு முந்தியது. ஆகவே அவ்வரிகள் அழிந்தன. அவள் அவற்றைத் தாளில் எழுதியிருக்கவில்லை.

இத்தகைய இழப்பைத் தடுக்கவே பூட்டு இருக்கிறது. ஒரு கோப்பை இருவர் ஒரே நேரத்தில் திறந்து தனித்தனியே திருத்தினால், கடைசியாகச் சேமிப்பவரின் எழுத்தே நிலைக்கும். எனவே முதலில் திறந்தவருக்கு எழுதும் உரிமையும் அடுத்தவருக்கு வாசிக்கும் உரிமையும் வழங்கப்படுகின்றன. ஆனால் நோட்பேட் போன்ற எளிய மென்பொருள்கள் கோப்பை வாசித்ததும் அதனை விட்டுவிடுகின்றன. அவற்றில் பூட்டும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

பூட்டு இரண்டு இடங்களில் இருக்கலாம். ஒன்று, எந்தக் கோப்பு யாரிடம் உள்ளது என்று சேவையகம் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் பட்டியல். மற்றையது, ஆவணம் உள்ள அதே கோப்புறையில் மென்பொருள் உருவாக்கும் சிறிய மறைகோப்பு. வேர்ட் உருவாக்கும் மறைகோப்பின் பெயர் ~$ என்று தொடங்கும். லிப்ரே ஒபிஸ் உருவாக்குவதன் பெயர் ஒரு புள்ளியில் தொடங்கி # குறியில் முடியும். ஆவணத்தை முறையாக மூடும்போது மறைகோப்பு தானாகவே நீங்கும். மின்சாரம் திடீரெனத் தடைப்பட்டால் நீக்க ஆளின்றி அங்கேயே கிடக்கும்.

ஆகவே பூட்டு விழுந்த கோப்பைக் கண்டால் பின்வரும் ஒழுங்கில் ஆராய வேண்டும்.

முதலாவது, அறிவித்தலில் உள்ள பெயரை வாசித்து அவரிடம் கேட்க வேண்டும். எமது கணினிகளில் எவரும் பெயரைப் பதிந்திருக்கவில்லை. அதனாலேயே 'இனந்தெரியாத பயனர்' என்று வந்தது. லிப்ரே ஒபிஸின் ஒப்ஷன்ஸ் பகுதியில் யூசர் டேட்டா என்பதில் பெயரை இட்டால் இக்குறை தீரும். பெயர் இல்லாவிடினும், மறைகோப்பை நோட்பேடில் திறந்தால் எந்தக் கணினி, எந்த நேரம் என்ற விபரங்களைக் காணலாம்.

இரண்டாவது, சேவையகத்தின் பட்டியலைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் சேவையகத்தில் கம்பியூட்டர் மனேஜ்மென்ட், அதில் ஷெயார்ட் ஃபோல்டர்ஸ், அதில் ஓபன் ஃபைல்ஸ் என்று சென்றால் யார் எதைத் திறந்துள்ளார் என்பது தெரியும். லினக்ஸ் சேவையகங்களில் இப்பணியைச் செய்வது பெரும்பாலும் சம்பா என்னும் மென்பொருள். அவுஸ்திரேலியரான அன்ட்ரூ ட்ரிட்ஜெல் 1991 இன் இறுதியில் இதனை எழுதத் தொடங்கினார். அதில் எஸ்எம்பிஸ்டேட்டஸ் என்ற கட்டளை அதே விபரத்தைத் தரும். பட்டியலில் கோப்பு இருந்தால், அதை வைத்திருப்பவரைச் சேமித்து மூடச் சொல்ல வேண்டும். அவருடைய கணினி அணைந்துபோயிருந்தால் மட்டுமே அந்த இணைப்பை அங்கிருந்து துண்டிக்கலாம். வேலை செய்துகொண்டிருப்பவரைத் துண்டித்தால் அவர் சேமிக்காதவை போய்விடும்.

மூன்றாவது, பட்டியலிலும் இல்லை, கேட்டாலும் எவரும் வைத்திருக்கவில்லை என்றால், ஆவணத்துக்கு ஒரு பிரதி எடுத்துவைத்த பின்பு மறைகோப்பை மாத்திரம் அழிக்கலாம்.

சேவையகத்தையே அணைத்துப் போடுவது பலர் கையாளும் குறுக்குவழி. அதனால் அறையிலுள்ள அனைவரின் வேலையும் பாதிக்கப்படும். மறைகோப்போ அப்போதும் அழியாது. மேலும், கோப்புறையில் எழுதும் அனுமதி இல்லாதவருக்கும் கோப்பு வாசிப்பதற்கு மட்டுமே திறக்கும். அது பூட்டு அல்ல. அதற்கு அனுமதியையே சரிசெய்ய வேண்டும்.

அத்தங்கை மறுநாள் நான்கு வரிகளையும் மீண்டும் எழுதித் தந்தாள். "முந்தி எழுதின மாதிரி வரல்ல" என்று மெதுவாகச் சொன்னாள். பிறருடைய எழுத்து எமது கையில் தரப்பட்ட அமானிதம். அன்று ஆய்வுகூடத்தில் நாம் பத்துப் பேர்கூட இருக்கவில்லை. "இந்தக் கோப்பை யார் வைத்திருக்கிறீர்கள்?" என்று நான் ஒருமுறை உரத்துக் கேட்டிருந்தால் போதுமாயிருந்தது.