யாரும் ‘அவுட்’ ஆகாத ஆட்டம்

இரண்டு வயது முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளைச் சேர்த்து வைத்து விளையாட விடுவதற்குச் செலவோ பெரிய ஏற்பாடோ தேவையில்லை. ஆனால் முன்யோசனை கட்டாயம் வேண்டும். அது இல்லாத இடத்தில் கால் மணி நேரத்துக்குள் இரண்டு பேர் அழுவார்கள், மூன்று பேர் வாசலுக்கு ஓடுவார்கள். செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் நடுவே உள்ள கருங்குழி போன்ற ஊர்களில் இப்படிப்பட்ட சிறு கூட்டம் அடிக்கடி சேர்கிறது. மக்கள் இன்னும் ‘பால்வாடி’ என்றே சொல்லும் அங்கன்வாடியிலும், விடுமுறை நாளில் வீட்டுத் திண்ணையிலும், பொங்கல் விழாவில் தெருமுனைத் திடலிலும் அதைப் பார்க்கலாம்.

முதலில் கவனிக்க வேண்டியது வயது. அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் மழலையர் பள்ளிப் பிள்ளைகளைக் கூர்ந்து பார்த்து 1932-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் ஆசிரியர் பயிற்சியில் பேசப்படுகிறது. சிறு பிள்ளைகள் தொடக்கத்தில் தனியாக விளையாடுகிறார்கள். பிறகு ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, ஒரே மாதிரிச் சாமான்களை வைத்துக்கொண்டு, அவரவர் ஆட்டத்தை ஆடுகிறார்கள். ஒரு வேலையைப் பங்கிட்டுச் சேர்ந்து ஆடும் பழக்கம் அதற்கும் பிறகுதான் வலுப்படுகிறது. இரண்டரை வயதுப் பிள்ளையின் கையில் பந்தைக் கொடுத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்கச் சொன்னால் அது பந்தை மார்போடு அணைத்துக்கொள்ளும். இதைப் பிடிவாதம் என்று நினைத்து அதட்டக் கூடாது. அந்த வயதின் இயல்பு அது. மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் இருந்தால் ஆளுக்கொரு சாமான் இருப்பதே நல்லது. நான்கு வயதைத் தாண்டியவர்களுக்கு முறை வைத்து ஆடும் ஆட்டம் பிடிபடும். ஐந்து வயதில் விதி சொல்லி ஆடலாம். விதி இரண்டுக்கு மேல் போகாமல் இருக்கட்டும்.

விழாக்களில் சிறுவர்களுக்கு என்று வைக்கப்படும் போட்டிகள் பெரும்பாலும் இந்த வயதினருக்குப் பொருந்துவதில்லை. மியூசிக்கல் சேரில் முதலில் வெளியேறுவது யார்? நிதானமாக நடக்கும் பிள்ளை, கூச்சப்படும் பிள்ளை, பாட்டு நின்றதைக் கவனிக்காத பிள்ளை. ஆட்டத்தால் அதிகம் பயன்பெற வேண்டிய பிள்ளையே ஆட்டத்தை விட்டு முதலில் போய், மீதி நேரமெல்லாம் சுவரோரம் நிற்கிறது. இதைச் சரிசெய்ய நாற்காலியை மட்டும் எடுத்துவிட்டு, பிள்ளைகள் எல்லோரையும் வைத்துக்கொண்டால் போதும். நாற்காலிக்குப் பதில் கோணிப்பையோ பாயோ விரித்து, பாட்டு நின்றதும் எல்லோரும் அதன்மேல் நிற்க வேண்டும் என்று சொல்லலாம். ஒவ்வொரு சுற்றிலும் பாயை ஒரு மடிப்பு மடித்தால் இடம் குறையக் குறைய ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பள்ளியில் சேராத பிள்ளைக்குத் தோற்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற வாதம் அவசரமானது. அதற்கு வயது இருக்கிறது.

நம் தெரு விளையாட்டுகளில் பல இந்தச் சூட்சுமத்தை அறிந்தவை. ‘குலைகுலையா முந்திரிக்கா’ அதற்கு நல்ல சான்று. பிள்ளைகள் வட்டமாக உட்கார, ஒருவர் மட்டும் கையில் துணியோடு சுற்றி வந்து யாராவது ஒருவர் முதுகுக்குப் பின்னால் அதைப் போடுகிறார். கண்டுபிடித்தவர் எழுந்து துரத்துகிறார். துரத்தப்பட்டவர் காலியான இடத்தில் உட்கார்ந்துவிட்டால் துரத்தியவர் சுற்றி வருகிறார். இடம்தான் மாறுகிறதே தவிர யாரும் வெளியே போவதில்லை. உட்கார்ந்திருப்பவர்களும் சும்மா இல்லை: பாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும், கையால் முதுகுப்பக்கம் தடவிப் பார்க்க வேண்டும். காத்திருப்பதையே ஆட்டமாக மாற்றியிருப்பதுதான் இதன் அழகு. புதிதாக ஒரு விளையாட்டை யோசிப்பவர், ஓடாத பிள்ளையின் கைக்கும் வாய்க்கும் என்ன வேலை என்று பார்த்துக்கொண்டால் பாதித் திட்டம் முடிந்தது.

அடுத்தது, எந்த ஆட்டத்துக்குப் பின் எது என்ற வரிசை. அதை அங்கன்வாடியிடமே கற்கலாம். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் அதன்கீழ் இயங்குகின்றன. அங்குள்ள முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்தின் பெயரே ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’. ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் பல வயதுப் பிள்ளைகளைச் சமாளிக்கும் இடம் அது. அங்கு உதவும் முறை வீட்டுக்கும் பொருந்தும்: ஓடும் ஆட்டத்துக்குப் பிறகு உட்காரும் ஆட்டம், சத்தத்துக்குப் பிறகு அமைதி. ஒரு செயலுக்குப் பதினைந்து நிமிடம் போதும். நன்றாகப் போகிறதே என்று நீட்டிக்காமல், ஆர்வம் இருக்கும்போதே நிறுத்தினால் மறுநாளும் அதே ஆட்டத்தைக் கேட்பார்கள். அமைதிக்குத் திருப்ப, 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி கையாண்ட மௌன ஆட்டம் உதவும். எல்லோரும் அசையாமல் இருக்க, பெரியவர் தூரத்திலிருந்து ஒவ்வொரு பெயராக மெல்லிய குரலில் அழைப்பார். பெயர் கேட்ட பிள்ளை ஓசைப்படாமல் எழுந்து வரும்.

ஆட்டத்துக்கான பொருளைச் சுற்றுப்புறமே தருகிறது. கருங்குழியில் ரயில் நிலையம் உண்டு. ஆகவே முன்னால் இருப்பவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடும் ரயில் ஆட்டத்துக்கு ஊர்ப்பெயர் தேட வேண்டாம். செங்கல்பட்டில் கிளம்பி ஒத்திவாக்கம், படாளம், கருங்குழி, மதுராந்தகம் என்று நிற்க வேண்டியதுதான். ஒவ்வொரு நிலையத்திலும் இரண்டு பேர் இறங்கி இரண்டு பேர் ஏறினால் எண்ணிக்கையும் பழகும். இறங்கியவர்கள் அடுத்த நிலையத்தின் பெயரைக் கூவும் வேலையைப் பார்ப்பார்கள். அருகிலுள்ள வேடந்தாங்கலின் பறவைகளைக் கொண்டு இன்னோர் ஆட்டம் அமையும். கூழைக்கடாவைப் போல இரண்டு கையையும் விரித்து மெல்லப் பறப்பது, கரண்டிவாயனைப் போல அலகைத் தண்ணீரில் இடமும் வலமும் அசைப்பது, நாரையைப் போல ஒற்றைக் காலில் நிற்பது எல்லாம் மூன்று வயதுப் பிள்ளைக்கும் முடியும். மதுராந்தகம் ஏரி உடையாமல் இராமரும் இலக்குவனும் வில்லேந்திக் கரையைக் காத்ததை ஆங்கிலேய கலெக்டர் ஒருவர் கண்டார் என்ற ஏரிகாத்த ராமர் கதையையும் ஆடிக் காட்டலாம். பாதிப் பேர் கைகோத்துக் கரையாக நிற்க, மீதிப் பேர் மழையாகவும் அலையாகவும் வருவார்கள். அடுத்த முறை மாறிக்கொள்வார்கள்.

சாமான்களில் பனை முதலிடம் பெறும். ஓலையில் காற்றாடி, நுங்கு தின்ற கூட்டில் வண்டி. குச்சி செருகுவதும் முள் குத்துவதும் பெரியவர் வேலை. புளியங்கொட்டையை வகைபிரிக்க, எண்ண, வரிசை வைக்கத் தரலாம். ஆனால் மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் அதை வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்வார்கள், தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. அவர்களுக்குக் கொட்டாங்கச்சியே சரி. சிவப்பும் கறுப்புமாகக் கண்ணைக் கவரும் குன்றிமணி நஞ்சு. ஆமணக்கு, காட்டாமணக்கு, அரளி விதைகளும் அப்படியே. இவை விளையாட்டுச் சாமான் பெட்டியில் இருக்கவே கூடாது.

கோடையில் காலை ஒன்பது மணிக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பின்போதான் திறந்தவெளி. இடையில் நிழல், அடிக்கடி தண்ணீர். எட்டுப் பேருக்கு ஒரு பெரியவராவது இருப்பது நல்லது. அவர் நின்றுகொண்டு கட்டளையிடாமல் வட்டத்துக்குள் உட்கார்ந்து ஆடினால் விதியை விளக்கும் தேவையே பெரும்பாலும் இராது, பார்த்துப் பழகிக்கொள்வார்கள். சேர மறுக்கும் பிள்ளையை இழுக்க வேண்டாம்; தாளம் தட்டவோ துணியை எடுத்துத் தரவோ சொன்னால் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தானே உள்ளே வரும். காது கேளாத பிள்ளை இருந்தால் பாட்டு நிற்பதைக் கொடி காட்டியும் சொல்லலாம், நடக்க முடியாத பிள்ளை இருந்தால் அன்றைய ஆட்டத்தை எல்லோரும் உட்கார்ந்தே ஆடலாம். ஓலையையும் கொட்டாங்கச்சியையும் கூடைக்குள் திரும்ப வைப்பதைப் பிள்ளைகளிடமே விடுவது நல்லது; பெரியவர்களின் வேலையை அவர்கள் விரும்பிச் செய்யும் வயது அது.