எழுதப்படாத முகவரி: சுருக்க நூலகத்தில் ஒரு பிழையும் அதன் திருத்தமும்

கணிப்பொறியில் சேமிக்கப்படும் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளைக் குறுகிய குறியீடுகளாக மாற்றினால், அவை பிடிக்கும் இடம் குறையும். இதற்குத் தரவுச் சுருக்கம் என்று பெயர். இப்பணிக்கெனச் சி மொழியில் இயற்றப்பட்ட நிரல் நூலகங்களுள் பெரிதும் வழங்குவது இசட்லிப் ஆகும். ழான்-லூ கையி, மார்க் ஆட்லர் ஆகிய இருவர் ஆக்கிய இது, 1995-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

சுருக்கும் வேலைக்கு நினைவகத்தில் தற்காலிகமாக இடம் வேண்டும். அவ்விடத்தைப் பெறும் முறையை, நூலகத்தைப் பயன்படுத்தும் நிரலே தெரிவிக்கலாம். இதற்கென 'இசட்-ஸ்ட்ரீம்' என்னும் அமைப்பில் மூன்று கட்டங்கள் உள்ளன. இடத்தைப் பெறும் செயற்கூற்றின் முகவரியை 'இசட்-அலாக்' கொள்ளும். இடத்தைத் திருப்பித் தரும் செயற்கூற்றின் முகவரியை 'இசட்-ஃப்ரீ' கொள்ளும். இவ்வாறு முகவரியைத் தாங்குவதே சுட்டி எனப்படும். மூன்றாவதான 'ஓபேக்', அச்செயற்கூறுகளுக்கு அனுப்பவேண்டிய குறிப்பைத் தாங்கும். தனி முறை எதுவும் தேவையில்லையெனில், முதலிரண்டிலும் 'முகவரி இல்லை' எனப் பொருள்படும் வெற்று மதிப்பை எழுதினால் போதும். நூலகம் தன் வழக்கமான செயற்கூறுகளை அங்கே நிரப்பிக்கொள்ளும்.

வெற்று மதிப்பை எழுதுவது வேறு. ஒன்றும் எழுதாமல் விடுவது வேறு. முந்தைய வகுப்பில் எழுதியதை அழிக்காத கரும்பலகையைப் போல, எழுதப்படாத கட்டத்தில் அவ்விடத்தை முன்பு பயன்படுத்திய வேலையின் எச்சம் தங்கியிருக்கும். நூலகம் அவ்வெச்சத்தை மெய்யான முகவரியென நம்பி, அங்குள்ளதை இயக்க முற்படும். பெரும்பாலும் நிரல் அக்கணமே நின்றுவிடும். அவ்வெச்சம் எதுவாக இருக்கவேண்டும் என்பதைத் தீயோர் முடிவு செய்ய வழியிருப்பின், நிரலையே அவர்கள் தம் வசமாக்கிக்கொள்ளவும் கூடும்.

இப்பிழை நெடுங்காலம் மறைந்திருப்பதற்கும் காரணம் உண்டு. சி மொழியின் விதிப்படி, நிரல் முடியும்வரை நிலைத்திருக்கும் மாறிகள் தொடக்கத்திலேயே சுழியாக்கப்படுகின்றன. செயற்கூற்றினுள் தோன்றி மறையும் மாறிகளுக்கு இவ்வசதி இல்லை. ஆகவே, பல்லாண்டுகள் பழுதின்றி ஓடிய நிரலில், இவ்வமைப்பை ஒரு செயற்கூற்றினுள் இடம் மாற்றியவுடன் கோளாறு தோன்றலாம். அங்கும் பழைய எச்சம் தற்செயலாகச் சுழியாக இருக்கும்வரை பிழை புலப்படாது. நேற்று ஓடியது என்பது, இன்று சரியாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது.

திருத்தமோ எளியது. அமைப்பை அறிவிக்கும் வரியிலேயே அதன் எல்லாக் கட்டங்களையும் சுழியாக்கலாம்; அல்லது மூன்று கட்டங்களிலும் தனித்தனியே வெற்று மதிப்பை எழுதலாம். எதைச் செய்யினும், நூலகத்தின் தொடக்கச் செயற்கூற்றை அழைப்பதற்கு முன்பே செய்தல் வேண்டும். சுருக்கியதை விரிக்கும் பணியாயின், உள்ளீடு இருக்குமிடத்தையும் அதன் அளவையும் குறிக்கும் கட்டங்களுக்கும் முன்னரே மதிப்பு இடவேண்டும் என்று இசட்லிப்பின் கையேடு விதிக்கிறது.

தவறவிட்ட இடங்களைக் கண்டறிய வால்கிரிண்ட் என்னும் கருவி உதவுகிறது. மதிப்பு இடப்படாத கட்டத்தை நம்பி நிரல் ஒரு முடிவு எடுக்கும்போதே அது எச்சரித்துவிடும். இக்கருவியைத் தொடங்கிய ஜூலியன் சீவர்டே, 1996-இல் வெளிவந்த பிஸிப்-2 என்னும் மற்றொரு சுருக்க நிரலையும் இயற்றியவர். அதன் நூலகத்திலும் இதே மூன்று கட்டங்கள் உள்ளன. அங்கும் இதே எச்சரிக்கை வேண்டும்.