அறுபத்தோராம் அலகு

மாதத்துக்கொருமுறை படலையடியிலே மானி வாசிப்பவரின் குரல் கேட்கும். சுவரிலுள்ள பெட்டியை அவர் ஒரு கணம் அண்ணாந்து பார்ப்பார்; எண்களைக் குறிப்பார்; ஒரு துண்டுக் கடதாசியைக் கையிற் கொடுத்துவிட்டு அடுத்த வளவுக்குப் போய்விடுவார். நம் வீட்டின் ஒரு மாத வாழ்வு அந்தத் துண்டில் எண்ணாக எழுதப்பட்டிருக்கின்றது. இரவில் எத்தனை நாழிகை விளக்கெரிந்தது, எத்தனை குடம் நீர் கிணற்றிலிருந்து மேலேறியது, எத்தனை சட்டைகள் மடிப்புக் குலையாமற் பள்ளிக்கூடம் போயின என்பதெல்லாம் அதனுள் அடக்கம். ஆயினும் நம்மிற் பெரும்பாலோர் அடியிலுள்ள கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துப் பெருமூச்செறிந்து, துண்டை மடித்துச் சுவாமிப் படத்தின் பின்னாற் செருகிவிடுகின்றோம். பழைய செய்யுளொன்றைச் சொற்சொல்லாகப் பிரித்துப் பொருள் காணும் ஆசிரியப் பெருமக்களும் இதற்கு விலக்கல்லர். நானும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தவன்.

என்னை மாற்றியது 2023ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்துப் பட்டியலொன்று. அஃது என்னுடையதன்று; எங்கள் ஒழுங்கையில் வாழும் ஒரு பெண்மணியினுடையது. கணவரை இழந்தவர், தையலால் வாழ்பவர், உயர்தர வகுப்பிற் படிக்கும் மகனொருவன் உண்டு. "மாஸ்ரர், நான் புதிசா ஒரு லைற்கூடப் போடேல்லை. பிறகெப்பிடி இவ்வளவு கூடினது?" என்று துண்டை நீட்டினார். அதற்கு முந்திய மாதம் 55 அலகு. கட்டணம் 2375 ரூபா. அந்த மாதம் 73 அலகு. கட்டணம் 3716 ரூபா. வரியைச் சேர்க்காமற் சொல்கின்றேன். கூடியவை பதினெட்டு அலகுகள். கூடிய பணமோ 1341 ரூபா. அலகொன்றுக்கு எழுபத்துநான்கு ரூபாவுக்கு மேல் விழுகின்றது. ஆனால் அந்தப் படிக்குரிய விலை 42 ரூபாதான். கணிதம் படிக்கும் பையனுக்கே இது புதிராயிருந்தது.

புதிரின் விடை கட்டண அட்டவணையில் இருக்கின்றது. வீட்டுப் பாவனைக்கான கட்டணம் படிப்படியாக ஏறுவதை யாவரும் அறிவர். பலரும் அறியாதது என்னவெனில், இங்கே இருப்பது ஓர் ஏணியன்று, இரண்டு ஏணிகள். முப்பது நாளில் 60 அலகுக்குள் நிற்பவர்க்கு ஓர் ஏணி. அந்த எல்லையைக் கடந்தவர்க்கு வேறோர் ஏணி. கடந்தவர், கடந்த அலகுக்கு மாத்திரம் கூடிய விலை கொடுத்துவிட்டுத் தப்ப முடியாது. முதலாம் அலகிலிருந்தே இரண்டாம் ஏணியில் ஏறவேண்டும். நிலையான கட்டணமும் உடன் உயரும்.

2014 தொடக்கம் 2022 ஓகஸ்ட் வரை இருந்த விலைகளைக் கொண்டு பார்த்தால் இது தெளிவாக விளங்கும். அப்பொழுது முதல் முப்பது அலகுக்கு இரண்டரை ரூபா வீதமும், அடுத்த முப்பதுக்கு 4 ரூபா 85 சதம் வீதமும், நிலையான கட்டணம் 60 ரூபாவுமாக, 60 அலகு எரித்த வீட்டுக்கு 280 ரூபா 50 சதம் வந்தது. 61 அலகு எரித்த வீட்டுக்கோ முதல் அறுபதும் 7 ரூபா 85 சதம் வீதம் கணக்கிடப்பட்டு, அறுபத்தோராம் அலகுக்குப் பத்து ரூபாவும் நிலையான கட்டணமாக 90 ரூபாவும் சேர்ந்து 571 ரூபா வந்தது. அந்த ஓர் அலகின் உண்மையான விலை 290 ரூபா 50 சதம்! தொண்ணூறாம் அலகுக்கு அப்பாலும் இத்தகைய பள்ளமொன்று இருந்தது. 90 அலகுக்கு 861 ரூபா. 91 அலகுக்கு 1278 ரூபா 75 சதம். ஓர் அலகு மின்சாரம் என்பது ஒன்பது வாற்று மின்குமிழொன்றை நூற்றுப்பதினொரு மணித்தியாலம் எரிப்பதற்குச் சமன். கவனமின்றி ஓரிரு தரம் மின்னழுத்தியை இழுத்தடித்தாலும் அதே ஓர் அலகுதான்.

இன்றைய பட்டியலில் இந்த எண்கள் இரா. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் பெரிதும் உயர்ந்தது. பின்னர் பலமுறை ஏறியும் இறங்கியும் இருக்கின்றது. ஆகவே வாசகர் தம் கைக்கு வந்த மாதத்தின் விலைகளை வைத்தே கணக்குப் பார்த்தல் வேண்டும். படி எங்கே முடிகின்றது, நிலையான கட்டணம் எங்கே தாவுகின்றது என்ற இரண்டையும் கண்டுகொண்டால் பட்டியலின் இலக்கணம் பிடிபட்டுவிடும்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமற் கடந்துபோக மனம் இடந்தரவில்லை. 2022 ஓகஸ்டுக்கு முன்னர் முப்பது அலகு எரித்த குடிசைக்கு 105 ரூபா. 2023 பெப்ரவரியில் உயர்ந்த கட்டணத்தின்படி அதே முப்பது அலகுக்கு 1300 ரூபா. பன்னிரண்டு மடங்குக்கு மேல்! அதே காலத்தில் 300 அலகு எரித்த மாளிகைக்கு 9463 ரூபா 50 சதம், 19,280 ரூபாவாயிற்று; இரண்டு மடங்குக்குச் சற்றே மேல். பழைய கட்டணம் உற்பத்திச் செலவுக்கும் போதாததென்பது உண்மை. மலைநாட்டு அருவிகளின் வலிமையை விமலசுரேந்திரா என்னும் பொறியியலாளர் 1918இலேயே கணித்துச் சொன்னார். லக்சபானா நிலையம் 1950இலேதான் இயங்கத் தொடங்கியது. ஆறுகள் தந்தது போதாத காலம் வந்தபின் எண்ணெயையும், 2011 முதல் நுரைச்சோலையிலே நிலக்கரியையும் எரிக்கின்றோம். இவ்விரண்டும் டொலர் கொடுத்து வாங்குபவை. 2022இல் ரூபா வீழ்ந்தபோது, மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நாடு இருளிலிருந்ததை எவரும் மறந்திரார். செலவை யாரேனும் சுமக்கத்தான் வேண்டும். ஆனாற் சுமையின் பெரும்பங்கை மூன்று மின்குமிழும் ஒரு விசிறியும் உள்ள வீட்டின் தலையில் ஏற்றிவிட்டு, அந்த வீட்டாருக்கே சிக்கனம் உபதேசிப்பது எனக்கு உவப்பானதன்று. அந்த 1300 ரூபாவில் 400 ரூபா நிலையான கட்டணமாயிருந்தது. ஒரு விளக்கும் ஏற்றாது இருளில் இருந்தாலும் அதைக் குறைக்க வழியிருக்கவில்லை.

இனி, குறைக்கக்கூடியதைப் பார்ப்போம். ஆயிரம் வாற்று வலுவுள்ள கருவியொன்று ஒரு மணித்தியாலம் இயங்கினால் ஓர் அலகு. கருவியின் அடியிலே ஒட்டியுள்ள தகட்டில் எத்தனை வாற்று என்று எழுதியிருக்கும். அதனை மணித்தியாலத்தாற் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் முடியும். இந்தச் சிறு கணக்கைச் செய்து பார்த்தால், நம் வீடுகளில் வழங்கும் சிக்கனம் பெரும்பாலும் திசை தவறியதென்பது புலனாகும். மகன் கைத்தொலைபேசியை மின்னேற்ற வைத்தாற் சத்தமிடும் தந்தை, வருடம் முழுவதும் நாள்தோறும் ஏற்றினாலும் அதற்கு ஐந்தாறு அலகே செல்லும் என்பதை அறியார். அவரே காலையிற் குளிக்கும்போது நாலாயிரம் வாற்று வெந்நீர்க் கருவியைப் பதினைந்து நிமிடம் திறந்துவிடுவார். அது நாளுக்கோர் அலகு. நாம் ஒளியைக் கண்டு அஞ்சுகின்றோம், அது கண்ணுக்குத் தெரிவதால். வெப்பமாக்கும் கருவிகளோ ஓசையின்றி விழுங்குகின்றன. மின்னடுப்பு, வெந்நீர்க் கருவி, மின்னழுத்தி, சோறு வெந்த பின்னும் சூடாக்கிக்கொண்டேயிருக்கும் பானை ஆகியன அந்த இனத்தவை. 2022இல் எரிவாயு கிடையாமல் மின்னடுப்பு வாங்கிய வீடுகள் பல, வாயு வந்த பின்னரும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

மின்கேத்திலைப் பலர் குறைசொல்வர், அது பாவம். ஒரு லீற்றர் நீரைக் கொதிக்கவைக்க அதற்கு அலகிற் பத்திலொரு பங்களவே வேண்டும். மூன்று பேர் தேநீருக்குக் கழுத்துமுட்ட நீர் நிரப்புவதுதான் குற்றம். மின்னழுத்திக்கும் இதே நியாயம். வெள்ளைச் சீருடைகளை ஒவ்வொரு விடியற்காலையும் ஒவ்வொன்றாகத் தேய்ப்பதை விடுத்து, ஞாயிறு மாலை ஐந்தையும் ஒருங்கே தேய்த்தால் ஐந்து தரம் சூடேற்றும் வேலை ஒரு தரமாகும். விசிறியிலும் ஓர் ஏமாற்றுண்டு: பழைய பெரிய சீராக்கிப் பெட்டிகள் வேகத்தைக் குறைக்கும்போது மிஞ்சும் மின்சாரத்திற் பெரும்பங்கைத் தமக்குள் வெப்பமாக்கி வீணாக்குகின்றன, இலத்திரனியற் சீராக்கியிலே இந்த விரயம் மிகக் குறைவு.

குளிர்சாதனப் பெட்டி தனியே பேசப்படவேண்டியது. பகலிரவாய்ச் செருகியபடி இருப்பது அது ஒன்றே. நாளுக்கு ஓர் அலகு கொள்ளும் பெட்டியே முப்பது அலகாகிய முதற்படி முழுவதையும் தின்றுவிடும். பழையது அதற்கு மேலும் கொள்ளும். கதவின் றப்பர் விளிம்பிலே ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தாற் குளிர் வெளியேறுகின்றது. பெட்டியைச் சுவரோடு ஒட்டிவைத்தால் பின்புறத்து வெப்பம் போக வழியின்றி இயந்திரம் கூடுதலாக உழைக்கும். அடுப்பிலிருந்து இறக்கிய குழம்பை ஆறாமல் உள்ளே வைப்பதும் அப்படியே. கூரையிற் சூரியத் தகடு பதிக்கலாமென்று கூறுவோரும் உளர். நல்ல வழிதான், முதல் உள்ளவர்க்கு.

பெண்மணியின் வீட்டிலே குளிர்சாதனப் பெட்டியே இல்லை. வெந்நீர்க் கருவியும் இல்லை. நாலு மின்குமிழ், ஒரு விசிறி, தொலைக்காட்சி, மின்னழுத்தி, தையல் இயந்திரத்தின் சிறு மோட்டர், கிணற்றடியில் நீரிறைக்கும் மோட்டர். இவற்றுள் எது பதினெட்டு அலகைத் தின்றது? பையனிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, காலை ஐந்து மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் மானியை வாசித்து எழுதச் சொன்னேன். முதலில் எல்லா ஆளிகளையும் அணைத்துவிட்டு மானியைப் பார்த்தோம். பழைய மானியிலே தகடொன்று சுழலும். புதியதிலே சிவப்புப் புள்ளியொன்று கண்சிமிட்டும். எல்லாம் அணைந்த பின்னும் அது இயங்கினால், எங்கோ ஒழுக்கு உண்டு அல்லது நாமறியாத இணைப்புண்டு. அப்போது தகுதியுள்ள மின்வினைஞரை அழைத்தல் வேண்டும். அங்கே அது அசையவில்லை. ஓர் அலகுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மானியின் முகப்பிலேயே எழுதியிருக்கும். அது 1600 ஆயின், நிமிடத்துக்கு எட்டுத் தரம் சிமிட்டும் வீடு முந்நூறு வாற்றை அந்த வேளையில் இழுக்கின்றது. ஒவ்வோர் ஆளியாகப் போட்டு, எண்ணி, பையன் தன் வீட்டுக் கருவிகளையெல்லாம் தானே அளந்துவிட்டான். மோட்டர் ஏறக்குறைய 600 வாற்று.

நாலாம் நாளிரவு கொப்பியைப் பார்த்தபோதுதான் விடயம் வெளிப்பட்டது. பகற்கணக்கு எதிர்பார்த்ததிலும் அரை அலகுக்கு மேற் கூடியிருந்தது. "மோட்டர் எவ்வளவு நேரம் போடுறனீங்கள்?" என்று கேட்டேன். முன்னர் காலையில் அரை மணித்தியாலம் போதும். இப்பொழுது மத்தியானமும் பின்னேரமும் தாங்கி வற்றிவிடுகின்றது. கோடையாதலால் தண்ணீர்ச் செலவு கூடிவிட்டதென்று தாம் நினைத்ததாகச் சொன்னார். மேலதிகமாக நாளுக்கு ஒரு மணித்தியாலம். முப்பது நாளுக்குப் பதினெட்டு அலகு. கணக்கு அச்சொட்டாய்ப் பொருந்திற்று. கோடையின் மீது பழியைப் போட எனக்கும் மனம் வந்தது. ஆனால் இரண்டு பேருக்கு அத்தனை தண்ணீர் எங்கே போகின்றது? மலசலகூடத்து நீர்த்தொட்டியிலே ஒரு கோப்பை தேயிலைச் சாயத்தை ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம். எவரும் திறவாமலே சற்று நேரத்தில் அந்தச் சாயம் கீழே வடிந்தது. உள்ளிருந்த றப்பர் வளையம் தேய்ந்து, இரவும் பகலும் தண்ணீர் சத்தமின்றி ஓடிக்கொண்டிருந்திருக்கின்றது. மின்சாரத்தைத் தேடப்போய்த் தண்ணீரைக் கண்டோம்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலே மின்சாரமே இல்லாமல் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தவர்கள் நாங்கள். ஜாம் போத்தலுக்குள்ளே பஞ்சில் ஊறிய சிறிதளவு மண்ணெண்ணெயிலே திரியெரித்து, அந்த வெளிச்சத்திற் பிள்ளைகளைப் பரீட்சைக்குப் படிப்பித்தோம். ஒரு கரண்டி எண்ணெய் எத்தனை பக்கம் வாசிக்கப் போதும் என்பது அன்று ஒவ்வொரு தாய்க்கும் தெரியும். எண்ணெய் குறைவதைக் கண் கண்டது. மின்சாரம் குறைவதைக் காணக் கண்ணில்லை. மானி ஒன்றுதான் உண்டு. அந்தப் பெண்மணியும் அக்காலத்துப் பிள்ளைதான். பட்டியலைக் கண்ட அன்றிரவே மகனின் மேசை விளக்கைப் பத்து மணிக்கு அணைக்கச் சொன்னதாகப் பின்னர் ஒப்புக்கொண்டார். ஒன்பது வாற்று விளக்கு! அது விடியும்வரை எரிந்தாலும் மாதத்துக்கு இரண்டு மூன்று அலகுக்கு மேற் போகாது.

வளையத்தை மாற்றிய பின்னர் வந்த முழு மாதத்துப் பட்டியலில் 54 அலகு, 2338 ரூபா. மேசை விளக்கு பழையபடி நள்ளிரவு தாண்டியும் எரிகின்றது. கொப்பியைப் பையன் இன்னும் எழுதிவருகின்றான். இருபத்தைந்தாம் நாளிலே ஐம்பதைத் தாண்டினால் மாத்திரம் தாயாருக்குச் சொல்லுவானாம்.