இ.எம்.ஐ. போட்டு கேமரா வாங்கணுமா? பரிசோதனைப் படம் எடுக்க உண்மையில் என்ன தேவை?

படம் எடுக்கணும்னு முடிவு செய்ததும் பலர் முதலில் தேடுவது கேமரா விலையைத்தான். 4கே போதுமா, 6கே வேணுமா, எந்த லென்ஸ் என்று யூடியூப் பார்த்தே மாதங்கள் ஓடிவிடும். கடைசியில் இ.எம்.ஐ. போட்டு ஒரு கேமரா வீட்டுக்கு வரும். மைக் வாங்கவோ, நடிக்க வந்தவர்களுக்கு சாப்பாடு வாங்கித் தரவோ கையில் காசு இருக்காது.

கதைப் படத்துக்கே இது நஷ்டம். எக்ஸ்பெரிமென்டல் ஃபிலிம் எனப்படும் பரிசோதனைப் படத்துக்கு இன்னும் பெரிய நஷ்டம். கதை சொல்வதைவிட காட்சி, ஒலி, நேரம் இவற்றை வைத்து விளையாடிப் பார்க்கும் வகை இது. இங்கே 'நல்ல குவாலிட்டி' என்றால் என்ன என்பதையே நீங்கள்தான் முடிவு செய்யணும்.

பொம்மை கேமராவிலும் படம்

மாயா டெரன் தன் கணவர் அலெக்சாண்டர் ஹமீதுடன் 1943-ல் எடுத்த 'மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்' இந்த வகையின் முக்கியமான படங்களில் ஒன்று. லாஸ் ஏஞ்சல்ஸில் அவர்கள் வாழ்ந்த வீட்டிலேயே, 16 எம்.எம். போலெக்ஸ் கேமராவில் எடுத்தது. சாவி கொடுத்தால் ஓடும் ஸ்பிரிங் கேமரா அது. ஒரு முறை முறுக்கினால் அரை நிமிடம்கூட ஓடாது. நீளமான ஷாட்டுக்கே வழியில்லாத அந்தக் கேமராவில்தான், ஒரே பெண் ஒரே மேஜையில் பல பேராக உட்காரும் கனவுக் காட்சி உருவானது.

1987-ல் அமெரிக்காவின் ஃபிஷர் பிரைஸ் பொம்மை நிறுவனம் பி.எக்ஸ்.எல். 2000 என்ற கேமராவைக் குழந்தைகளுக்காகக் கொண்டுவந்தது. பாட்டு கேட்கும் சாதாரண ஆடியோ கேசட்டில்தான் வீடியோ பதிவாகும். கறுப்பு வெள்ளையில் கட்டம் கட்டமாக மங்கிய உருவம். சந்தையில் அது நிலைக்கவில்லை. ஆனால் சேடி பென்னிங் பதின்ம வயதில் தன் அறைக்குள் அதை வைத்து எடுத்த டைரி போன்ற வீடியோக்கள் பெரிய பெயர் வாங்கின. யாரோ காதருகில் ரகசியம் சொல்வது போன்ற நெருக்கம் அந்த மங்கலில் இருந்தது. அதே காட்சியை 4கே-வில் எடுத்தால் இந்த உணர்வு வருமா? சந்தேகம்தான்.

ஸ்டான் பிராகேஜ் 1963-ல் எடுத்த 'மாத்லைட்' படத்துக்கு கேமராவே கிடையாது. விட்டில் பூச்சிகளின் இறக்கைகளையும் இலைகளையும் டேப்பில் ஒட்டி, அதையே பிரிண்ட் போட்டார்.

சரி, கையில் இருக்கும் போன் போதுமா?

பெரும்பாலும் போதும். ஆனால் போனில் ஒரு சிக்கல் இருக்கு. அது உங்களைக் கேட்காமலே படத்தை 'அழகாக்கும்'. இருட்டான மூலையை வெளிச்சமாக்கும், கை நடுக்கத்தை நிறுத்தும், வண்ணத்தைத் திருத்தும். நீங்கள் வேண்டுமென்றே இருட்டாக எடுக்க நினைத்தால், போன் உங்களோடு சண்டை போடும்.

அதனால் எக்ஸ்போஷர், ஃபோகஸ், வொயிட் பேலன்ஸ், ஷட்டர் நான்கையும் உங்கள் விருப்பப்படி பூட்டி வைக்கும் ஆப் தேவை. பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம். ஐபோனிலும் பல ஆண்ட்ராய்டு போன்களிலும் வேலை செய்யும்.

இதில் ஷட்டரை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் புரிந்துகொள்ளுங்கள். நொடிக்கு 25 ஃப்ரேம் எடுக்கும்போது ஒவ்வொரு ஃப்ரேமும் 1/50 நொடி வெளிச்சம் வாங்கினால், அசைவு நம் கண்ணுக்குப் பழகிய மாதிரி லேசாகக் குழையும். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் டியூப் லைட்டுக்குக் கீழே 1/50 அல்லது 1/100 வைத்தால் காட்சி விட்டு விட்டு மின்னாது. மதிய வெயிலில் என்ன ஆகும்? பெரும்பாலான போன் லென்ஸில் துளையைச் சுருக்க முடியாது. எனவே வெளிச்சத்தைக் குறைக்க போன் தானாகவே ஷட்டரை 1/1000-க்கும் மேலே கொண்டுபோய்விடும். ஓடுபவரின் கால்கள் வெட்டி வெட்டி நகரும். இதைத் தவிர்க்க லென்ஸ் முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடியான என்.டி. ஃபில்டர் வேணும். புது லென்ஸைவிட இதுதான் முதல் செலவு. அந்த வெட்டு அசைவுதான் உங்களுக்கு வேணும்னா, ஃபில்டரை விட்டுவிடலாம். ஆனா அது நீங்க எடுத்த முடிவாக இருக்கணும்.

ரோலிங் ஷட்டரும் அப்படித்தான். சென்சார் காட்சியை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால், ஓடும் ரயிலிலிருந்து எடுத்தால் கம்பங்கள் சாயும். விளம்பரப் படத்தில் அது குறை. உங்கள் படத்தில் அதுவே விஷயமாக இருக்கலாம்.

காசு எதற்குப் போகணும்?

ஒலிக்குத்தான். ஷான் பேக்கரின் 'டேஞ்சரின்' 2015-ல் வந்தபோது ஐபோன் 5எஸ்-ல் எடுத்த படம் என்று எல்லோரும் பேசினார்கள். ஒலியை அவர்கள் போனில் எடுக்கவில்லை என்பதை அவ்வளவாக யாரும் பேசவில்லை. தொழில்முறை மைக், தனி ரெக்கார்டர் எல்லாம் இருந்தது. மங்கலான காட்சியைப் பார்ப்பவர்கள் ஸ்டைல் என்று ஏற்பார்கள். இரைச்சலில் வசனம் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

பழைய ஃபிலிமின் மேல் ஆசை இருப்பவர்களும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சூப்பர் 8 கார்ட்ரிட்ஜ் ஒன்று நொடிக்கு 24 ஃப்ரேமில் வெறும் இரண்டரை நிமிடம்தான் ஓடும். பிறகு டெவலப்பிங், ஸ்கேனிங் செலவு தனி. பழைய மினி டிவி டேப் கேமரா கைக்கு வந்தால், வாங்கும் முன் மூன்றைப் பாருங்கள்: பேட்டரி நிற்கிறதா, டேப் கிடைக்குமா, எடுத்ததை கம்ப்யூட்டருக்கு மாற்ற ஃபயர்வயர் வசதி இருக்கா.

பெரிய கேமரா உண்மையிலேயே தேவைப்படும் காட்சிகளும் உண்டு. தெருவிளக்கு வெளிச்சத்தில் ராத்திரி எடுப்பது, அதிவேக ஸ்லோ மோஷன் போன்றவை. அதற்கு வாடகையே போதும். சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் ஒரு நாளைக்குக்கூட எடுக்கலாம். அட்வான்ஸ் எவ்வளவு, உடைந்தால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க்கும் கையோடு இருக்கணும். 100 எம்.பி.பி.எஸ். வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ஆகும். இரண்டு இடத்தில் காப்பி வைத்தால் 90. கேமராவைத் திருப்பிக் கொடுக்கும் முன் அந்த இரண்டு காப்பியும் ஓடுதா என்று பார்த்துவிட்டு மெமரி கார்டை அழியுங்கள்.