மறுபடி நடப்பாரா?

மட்டாஞ்சேரி கடைவீதி. மிளகு மூட்டை, இஞ்சி மூட்டை ஏறும், இறங்கும். பக்கத்தில் சாரம் கட்டிக் கட்டட வேலை நடக்கும். ஒருவர் சாரத்திலிருந்து விழுகிறார். கால் அசையவில்லை. மனைவி கேட்கிறாள்: "டாக்டர், இவர் மறுபடி நடப்பாரா?"

முதுகெலும்புக்குள் தண்டுவடம் ஓடுகிறது. நம் சுண்டு விரல் பருமன்தான் இருக்கும். "நட" என்று மூளை சொல்வதைக் காலுக்குக் கொண்டு போவது அதுதான். அது நசுங்கினால் செய்தி போகாது.

எக்ஸ்ரே படத்தில் எலும்பு தெரியும். தண்டுவடம் தெரியாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரியும். இது பெரிய காந்தத்தைக் கொண்டு எடுக்கும் படம். குகை போன்ற கருவிக்குள் அசையாமல் படுக்க வேண்டும். டமடம என்று சத்தம் கேட்கும். வலிக்காது. நகை, சாவி எதுவும் கூடாது. உடலுக்குள் இதயக் கருவியோ இரும்புத் துண்டோ இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

படத்தில் டாக்டர் என்ன பார்க்கிறார்? தண்டுவடத்தில் வீக்கம் மட்டும் இருந்தால் நம்பிக்கை அதிகம். உள்ளே இரத்தம் கசிந்திருந்தால் குணமாவது கடினம். காயத்தின் ஓரத்தில் நரம்புத் திசு மிஞ்சியிருக்கிறதா என்றும் பார்க்கலாம். அது அறுபடாத பாலம் போன்றது. கழுத்தில் அடிபட்டவர்களுக்குச் சில வாரம் கழித்து எடுத்த படங்களை வெளிநாட்டு மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். பாலம் அகலமாக இருந்தவர்கள் அதிகம் தேறினார்கள் என்று 2024இல் அறிவித்தார்கள்.

ஆனால் படம் ஜாதகம் அல்ல. டாக்டர் ஊசியால் தொட்டு உணர்ச்சி பார்ப்பார். காலை அசைக்கச் சொல்வார். எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கணிப்பார்.

நடக்க முடியாது என்று தெரிந்தால்? வாழ்க்கை முடிந்துவிடுமா? கொச்சிக்கு அருகே செராயில் பிறந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் வாகன விபத்தில் அவருடைய கால்கள் செயலிழந்தன. அன்று இந்த ஸ்கேன் இல்லை. அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மறுவாழ்வுத் துறையை வளர்த்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையமும் திறக்கப்பட்டது. அவரைப் போல் அடிபட்ட பலருக்கு அது வழி காட்டியது.

நம் கடமை ஒன்று உண்டு. விழுந்தவரைக் கை கால் பிடித்துத் தூக்காதீர்கள். உட்கார வைக்காதீர்கள். ஆட்டோவில் மடக்கி ஏற்றாதீர்கள். கழுத்தையும் முதுகையும் அசைய விடாமல் வைத்து, 108க்குப் போன் செய்யுங்கள். மிஞ்சிய நரம்பை முதலில் காப்பது உங்கள் கைகள்தான்.