பதற்றத்துக்குப் பின்னால் மறையும் ஆட்டிசம்

"உனக்குக் குரல் கேட்கிறதா?" என்று மனநல மருத்துவர் கேட்கிறார். "கேட்கிறது" என்கிறான் பிளஸ் டூ மாணவன். அவன் சொல்வது எதிர்வீட்டு டிவி சத்தத்தை. கேள்வியை அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வது ஆட்டிசம் உள்ள பலரின் இயல்பு. மருத்துவர் மேற்கொண்டு துருவிக் கேட்காவிட்டால், அவனுக்கு இல்லாத மனச்சிதைவுக்கு மாத்திரை தொடங்கிவிடக்கூடும்.

ஆட்டிசம் பிறவியிலேயே அமையும் மூளை வளர்ச்சி வேறுபாடு. பேச்சு தாமதமானால் இரண்டு மூன்று வயதிலேயே கவனித்துவிடுகிறோம். நேரத்துக்குப் பேசி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கும் பிள்ளைகள்தான் கண்ணில் படாமல் தப்புகிறார்கள். தொடக்கப் பள்ளியில் ஒரே ஆசிரியர், அதே பெஞ்ச். பிறகு பாடத்துக்கு ஒரு ஆசிரியர், தோழர்களின் மறைமுகப் பேச்சு, டியூஷன் நெரிசல் என்று சுமை ஏறுகிறது. பதற்றமும் மனச்சோர்வும் அப்போது தலைதூக்குகின்றன. மருத்துவரின் சீட்டில் அவை மட்டுமே ஏறுகின்றன.

பெண் பிள்ளைகள் இன்னும் அதிகமாகத் தவறவிடப்படுகிறார்கள். மற்றவர்கள் சிரிக்கும்போது சிரித்து, பேசுவதைப் பார்த்துப் பழகி, பள்ளியில் சமாளித்துவிடுவார்கள்; வீட்டுக்கு வந்ததும் உடைந்து அழுவார்கள். "ஸ்கூல்ல நல்லாத்தானே இருக்கா" என்று ஆசிரியர் சொல்வதும் உண்மைதான்.

ஆட்டிசமும் மனநலப் பிரச்சினையும் சேர்ந்திருப்பது அபூர்வமல்ல. இங்கிலாந்தில் 10 முதல் 14 வயது வரையுள்ள 112 ஆட்டிசக் குழந்தைகளை ஆராய்ந்து 2008-ல் வெளியான ஆய்வில், 70 சதவீதத்தினருக்குக் குறைந்தது ஒரு மனநலப் பிரச்சினையாவது இருந்தது. ஆனாலும் 2013 வரை அமெரிக்க மனநல நோயறிதல் கையேடு, ஆட்டிசம் உள்ளவருக்கு ஏடிஎச்டியும் (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு) இருப்பதாகச் சேர்த்து எழுத இடம் தரவில்லை. ஒன்றைக் கண்டுபிடித்தால் மற்றது இல்லை என்று நினைக்கும் பழக்கத்தை இனியாவது கைவிட வேண்டும்.

வெளியே தெரியும் நடத்தையைவிட அதன் காரணம்தான் முக்கியம். ஒரு பெண் சாப்பாட்டை ஒதுக்குகிறாள். எடை கூடிவிடுமோ என்ற பயமா? குழம்பு வழிந்து பொரியலைத் தொட்டுவிட்டது, அந்த வழவழப்பு தாங்கவில்லை என்பதா? இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையின் உணவுக்கோளாறுப் பிரிவு இதை உணர்ந்து, ஆட்டிசம் உள்ளவர்களுக்காக உணவுப் பட்டியலையும் வார்டுச் சூழலையும் மாற்றியமைத்தது. ஓசிடி எனும் எண்ணச் சுழற்சி நோயிலும் இதே வேறுபாடுதான்: திரும்பத் திரும்பக் கை கழுவுவது ஓசிடி உள்ளவருக்கு வேதனை, ஆட்டிசத்தில் பொருட்களை ஒரே வரிசையில் அடுக்குவது பெரும்பாலும் நிம்மதி.

ஆட்டிசம் இருப்பது தெரிந்தால் சிகிச்சை முறையும் மாறுகிறது. "மனசு எப்படி இருக்கு?" என்ற பொதுவான கேள்விக்குத் திணறும் பிள்ளை, எழுதிக் காட்டினாலோ படம் வரைந்து கேட்டாலோ தெளிவாகப் பதில் சொல்லக்கூடும்.

பல மாதச் சிகிச்சைக்குப் பிறகும் முன்னேற்றம் இல்லையென்றால், "ஆட்டிசம் இருக்குமா?" என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். சிறுவயது வீடியோக்களையும் ஆசிரியர் குறிப்பெழுதிய பழைய ரிப்போர்ட் கார்டுகளையும் கையோடு கொண்டு போங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.