முக்கோணத்தின் நிறம் சொல்லாத சேதி

வாழைக்குக் களைக்கொல்லி வாங்கப் போனவர் கடையில் டப்பாவைத் திருப்பிப் பார்க்கிறார். "மஞ்சள்தான் போட்டிருக்கு அண்ணாச்சி, சிவப்பு இல்ல. பயமில்ல." சேரன்மகாதேவியில் இருந்து ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணிப் பாசனத்தில் இந்தப் பேச்சு நமக்குப் புதுசில்லை. சரி, அந்த மஞ்சள் எங்கே இருந்து வந்தது?

எலியிடம் இருந்து வந்தது.

ஆய்வுக்கூடத்தில் எலிகளை இரவு பட்டினி போடுவார்கள். காலையில் குழாய் வழியாக நஞ்சை நேரே இரைப்பைக்குள் செலுத்துவார்கள். பிறகு 14 நாள் பார்ப்பார்கள். பாதி எலிகள் சாகும் அளவு எதுவோ, அதை எலியின் எடையில் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று குறிப்பார்கள். இதன் பெயர் எல்.டி.50. 1927இல் டிரெவன் என்ற ஆங்கிலேயர், மருந்துகளின் வீரியத்தை அளக்கக் கொண்டுவந்த முறை இது. ஏராளமான எலிகளைக் கொன்ற பழைய முறையை 2002இல் பன்னாட்டு வழிகாட்டுதலில் இருந்தே நீக்கிவிட்டார்கள். இப்போது சில எலிகளை வைத்துப் படிப்படியாகச் சோதிக்கிறார்கள்.

நம் நாட்டில் 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் இந்த எண்ணை வைத்தே நிறம் கொடுக்கின்றன. 1 முதல் 50 வரை சிவப்பு, 51 முதல் 500 வரை மஞ்சள், 501 முதல் 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. எண் குறையக் குறைய விஷம் கூடுதல்.

பாராகுவாட் களைக்கொல்லி இந்தக் கணக்கில் மஞ்சள். ஆனால் தவறி ஒரு மடக்கு உள்ளே போனாலும் நுரையீரல் கெட்டு மனுசன் சாகிறான். அதற்கு முறிமருந்தே கிடையாது. கேரளம் 2011இல் அதைத் தடை செய்தது. எலிக்கு மஞ்சள் என்றால் நமக்கும் மஞ்சள் என்று யார் சொன்னது?

இன்னொன்றும் உண்டு. அது ஒரே வேளை கொடுத்துப் பார்க்கும் சோதனை. தோலில் தடவிப் பார்ப்பதும் ஒருநாள் கணக்குதான். நாம் காரிலும் பிசானத்திலும் வருசா வருசம் தெளிக்கிறோம், இரண்டு மூன்றைக் கலந்தும் அடிக்கிறோம். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் 20 ஆண்டுக்கும் மேல் எண்டோசல்பான் தெளித்தார்கள். அங்கே பிள்ளைகளுக்கு வந்த பாதிப்பை 14 நாள் எலி காட்டாது. 2011இல் உச்ச நீதிமன்றம் தடை போடும்வரை அது கடையில் விற்றது.

நம்ம வயல் வடிகால் மறுபடி ஆற்றில்தான் சேருகிறது. நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் அதுதான் குடிதண்ணீர்.

ஆகவே வாழைக்கு இடையில் உளுந்து விதையுங்கள். வெட்டிய இலை, சருகை மூடாக்காகப் போடுங்கள், களை அடங்கும். பூச்சிக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கிச் சாயங்காலம் தெளியுங்கள். வீட்டில் பழைய டப்பா இருந்தால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள், வாய்க்காலில் கழுவாதீர்கள். யாருக்காவது விஷம் பட்டால் டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அடுத்த தடவை கடைக்காரர் "இது பச்சைதான்" என்று சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எலிக்கா, எனக்கா?"